பெடலுக்குச் சொன்ன அளவு

மே மாதம் முழுக்க முகூர்த்தங்கள். பாளையங்கோட்டை மெல்லிசைக் குழுவின் வேன் ஒருநாள் தென்காசி, மறுநாள் தூத்துக்குடி என்று ஓடிக்கொண்டே இருந்தது. குழுவில் கிட்டார் வாசிக்கும் தானியேலுக்குப் பகலில் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அன்றைக்கு விக்கிரமசிங்கபுரத்தில், ஒரு மில் தொழிலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. மேடைப் படியில் கால் வைக்கும்போதே அவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

அவருடைய கிட்டாரின் ஒயர் நேராக ஸ்பீக்கருக்குப் போகாது. நடுவே தரையில், சத்தத்தை மாற்றித் தரும் ஓர் எஃபெக்ட்ஸ் பெட்டி இருக்கும். துபாயில் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து நண்பர் காஜா முகைதீன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அதன் வலது ஓரத்தில் தையல் மெஷின் மிதியைப் போல ஒரு பெடல். குதிகாலை அழுத்தினால் சத்தம் அடங்கும். முன்பாதத்தை அழுத்தினால் ஏறும். பாடுகிறவருக்குப் பின்னால் அடக்கி வாசித்துவிட்டு, இடையிசை வந்ததும் காலை முன்னால் சாய்த்துக் கிட்டாரை மேலே கொண்டுவருவார் தானியேல். அதற்காகவே அவரைக் கூப்பிட்டவர்கள் உண்டு. சில மாதங்களாக அது மேலே வருவதேயில்லை.

கூட்டம் சேருமுன் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்தும் சிவசண்முகம் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தி நிறுத்தினார்.

“என்னவே, இன்னைக்கும் கெணத்துக்குள்ள இருந்து வாசிக்க மாதிரி கேக்கு?”

“முழுசா மிதிச்சாச்சு,” என்றார் தானியேல்.

சிவசண்முகம் எழுந்து வந்து, குனிந்து, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெட்டியின் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண் பூஜ்யத்திலிருந்து நூறு வரை தடையில்லாமல் ஓடியது.

“கைக்கு வருது, காலுக்கு வரமாட்டேங்கு. மதுரையில ரிப்பேர் பாக்கவன் பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லங்கான். சரி, விடும். எடையிசைய நான் கீபோர்டுலயே எடுத்துருதேன். நீரு பின்னால சும்மா பிடிச்சிட்டு வந்தாப் போதும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவர் பரிவாகத்தான் சொன்னார்.

மைக் அருகே நின்றிருந்த பாடகி டார்லின் பக்கத்தில் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், எதையும் ஒருமுறை தானே பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

“அண்ணே, நீங்க மிதிங்க. நான் நம்பரப் பாக்கேன்.”

மிதித்தார்.

“அறுவதுல நிக்கி. இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் மிதித்தார். எண் அசையவில்லை. டார்லின் எண்ணை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தாள்.

“பெடல்ல ஒண்ணுமில்லண்ணே. ஒங்க கணுக்கால்தான் மடங்கல.”

போன ஐப்பசி மழையில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் படியிலிருந்து தானியேல் வழுக்கி விழுந்தது எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கட்டுப் பிரித்ததும் தெரியும். பிரித்த அன்றே டாக்டர், “இனிமே இவ்வளவுதான் மடங்கும்,” என்று சொன்னது மட்டும் யாருக்கும் தெரியாது. மனைவி ஜெபகனியிடம்கூட, நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார். பெட்டி மதுரைக்குப் போனபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தார். மூடி வைத்து மூடி வைத்து, இப்போது மறைப்பதற்கும் தெம்பு இல்லை.

“டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. இது இனி மடங்காது,” என்றார்.

சிவசண்முகம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். “இத மொதல்லயே சொன்னா என்னவே? அந்தப் பெட்டியப் போட்டு ஏசிட்டுல்லா கெடந்தேன்.”

அந்தப் பெட்டிக்கு எது அடி, எது உச்சம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அணைத்துவிட்டு, ஒரு பொத்தானைப் பிடித்தபடி திரும்பப் போட்டால் எண் மினுங்கும். பெடலைக் குதிகால் பக்கம் சாய்த்து, பொத்தானில் ஓர் அழுத்து; முன்பக்கம் சாய்த்து இன்னோர் அழுத்து. காட்டிய தூரத்தையே முழுத்தூரம் என்று எடுத்துக்கொள்ளும். தானியேல் எப்போதும் கையால்தான் காட்டுவார். காலால் காட்டினால் காரியம் முடிந்துவிடும் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனால் அப்படிக் காட்டிவிட்டால், இந்தக் கால் இவ்வளவுதான் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது பெட்டியை அணைத்துப் போட்டார். குதிகாலைச் சாய்த்தார், பொத்தானை அழுத்தினார். முன்பாதத்தைச் சாய்த்தார், அழுத்தினார். எண் வரவில்லை. தப்பு என்பதற்கான எழுத்துகள் மின்னின.

“என்னண்ணே?”

“தூரம் பத்தலையாம்.” அவருக்குச் சிரிப்பு வந்தது. தானே ஒத்துக்கொண்ட பிறகும் பெட்டி ஏற்க மறுக்கிறதே.

“உக்காந்து மிதிச்சுப் பாருங்களேன். தொடையிலேருந்து தள்ளலாம்லா?” என்றாள் டார்லின்.

“மேடையில உக்காந்தா? நல்லாவா இருக்கும்?”

“நானும் உக்காந்துதாம்வே வாசிக்கேன்,” என்றார் சிவசண்முகம். “எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?” சொல்லிவிட்டுத் தானே போய்ப் பந்தியறையிலிருந்து ஓர் இரும்பு நாற்காலியைத் தூக்கி வந்தார்.

உட்கார்ந்து மறுபடி மிதித்து அளவு காட்டியபோது கணுக்காலோடு தொடையும் சேர்ந்துகொண்டது. பெட்டி ஏற்றுக்கொண்டது. இருந்த தூரத்திலேயே எண் நூறைத் தொட்டது.

ஆனால் தூரம் குறைந்ததில் பெடல் துடுக்காகிவிட்டது. முதல் பாட்டில் லேசாகத்தான் சாய்த்தார். கிட்டார் அலறிக்கொண்டு மேலே வந்தது. முன்வரிசையில் மடியில் தூங்கிய குழந்தை விழித்து அழுதது. டார்லின் பாடிக்கொண்டே கையைத் தாழ்த்திக் காட்டினாள். இரண்டாவது பாட்டில் பயந்து பயந்து மிதித்தார். நாலைந்து பாட்டுக்கு அப்புறம்தான் கால் பழகியது. ஒரு மெதுவான பாட்டின் இடையிசையில், சிவசண்முகம் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். தானியேல் பையச் சாய்த்தார். சத்தம் நினைத்த இடத்தில் ஏறி, நினைத்த இடத்தில் நின்றது.

சாப்பாட்டின்போது பெண்ணின் அப்பா வந்து, “பாட்டெல்லாம் நல்லாருந்து,” என்று எல்லாருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். உட்கார்ந்து வாசித்ததை யாரும் கேட்கவில்லை, பார்த்ததாகவே தெரியவில்லை. இதற்குத்தானா இத்தனை மாதம் பயந்தோம் என்று நிம்மதியாக இருந்தது. ஒருத்தராவது கேட்டிருக்கலாமே என்றும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்புமுன், வழக்கம்போல எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள் ஜெபகனி. தானியேல் காலை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம் ஜெபா. இது இனி சரியாவாது. கட்டுப் பிரிச்ச அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாரு.”

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தாள்.

“அப்போ இத்தன நாளா எதுக்குத் தேய்க்கச் சொன்னிய?”

“தேய்ச்சா நல்லா இருந்துது,” என்றார்.

ஜெபகனி கிண்ணத்தை ணங்கென்று தரையில் வைத்தாள். கோபம்தான். பிறகு எண்ணெயில் விரலை முக்கி, சூடு பார்த்தாள்.

“சரி, இங்கன காட்டுங்க,” என்றாள்.