மேலத்தெருத் தண்ணீர்

வெயில் ஏற ஏறத் தொட்டியைக் கலக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் பாசி மேலே ஆடை கட்டும். அடியில் கிடப்பது செத்து நாறும். தங்கத்தாய் தென்னை மட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் ஆழத் தண்ணீரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் அவள் குடியிருந்த கீழத்தெரு பள்ளத்தில் கிடந்தது. மேலத்தெரு வீடுகளில் குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், சட்டி கழுவிய தண்ணீர் எல்லாம் அவள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். மழை பெய்தால் வீட்டுக்குள்ளும் வரும். எண்பத்து நாலாம் வருஷம் மாசியில் விவசாயக் காலேஜிலிருந்து ஓர் ஆபீசர் வந்து, அந்தத் தண்ணீரை மணலிலும் சல்லியிலும் வடித்துத் தொட்டியில் தேக்கி, ஒரு பாட்டில் பாசியை ஊற்றிவிட்டுப் போனார். பத்தே நாளில் தொட்டி பச்சையாகிவிட்டது. துணியில் வடித்துத் தகரத்தில் காயவைத்தால் கோழித் தீவனம். சித்திரை முடிவதற்குள் மூன்று கிலோ காட்டினால் அவள் புருஷன் வெள்ளத்துரைக்குக் காலேஜ் பண்ணையில் வாட்ச்மேன் வேலை என்று ஆபீசர் சொல்லியிருந்தார். அப்புறம் மேலத்தெருக் காசிராஜன் வயலில் ஏச்சு வாங்க வேண்டாம். டால்டா டின்னில் இரண்டே முக்கால் கிலோ சேர்ந்திருந்தது.

தொட்டி வேலைக்காக வெள்ளத்துரை வயலுக்கு வராமல் நின்றதே காசிராஜனுக்கு ஆகவில்லை. அன்று காலை டீக்கடையில் எவனோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், உங்கள் வீட்டுப் பெண்கள் குளித்த தண்ணீரைக் கீழத்தெருவான் தொட்டி கட்டிச் சேர்த்துவைத்திருக்கிறானாமே என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். காலங்காலமாக அந்தத் தண்ணீர் கீழத்தெருவில் ஓடியபோது ஒருத்தனுக்கும் மானம் போகவில்லை. தேங்கி நின்றதும் போய்விட்டது.

காசிராஜன் ஐந்து பேரோடு வந்தான். தங்கத்தாய் மட்டையைக் கீழே போடுவதற்குள் வெள்ளத்துரையை வீட்டுக்குள்ளிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து தொட்டியில் அமுக்கினார்கள்.

"எங்க வீட்டுப் பொம்பளைக குளிச்ச தண்ணி உனக்கு எதுக்குலே?" என்றான் காசிராஜன்.

மூக்கிலும் வாயிலும் பச்சை ஒழுக வெள்ளத்துரை தலையைத் தூக்கினான். "பாசிக்குத்தான்யா. ஆபீசர் சொல்லித்தான்..."

மறுபடியும் அமுக்கினார்கள். மூச்சுக்குத் தவித்து அவன் தொட்டிச் சுவரைப் பிடித்தான். காசிராஜன் கொண்டுவந்த மண்வெட்டிக் கணைக் கட்டையால் அந்தக் கையிலேயே போட்டான். எலும்பு முறிந்த சத்தம் தங்கத்தாய்க்குக் கேட்டது. ஓடிவந்து காலில் விழுந்தவளைத் தோளில் உதைத்துத் தள்ளினான். டின்னைத் தூக்கி மண்ணில் கொட்டிக் காலால் தேய்த்தான். எழுபது நாள் பாடு.

ஒருவன் தொட்டியை உடைக்கப் போனான். காசிராஜன் தடுத்தான். உடைத்தால் தண்ணீர் கீழத்தெருவில்தானே கிடக்கும் என்றான்.

"எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு இங்கன கிடக்கப்பிடாது. எல்லாத்தையும் சொமந்துட்டு வந்து எங்க வீட்டுலயே ஊத்துட்டி."

புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து சுமக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். காசிராஜன் இரண்டு பேரைக் காவல் வைத்துவிட்டுப் போய்விட்டான். தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளத்துரை தொட்டியோரம் கிடந்தான். கீழத்தெருவில் கதவுகள் சாத்திக்கிடந்தன.

குடம் குடமாகச் சுமந்தாள். உதைபட்ட தோளில் குடத்தை ஏற்ற முடியவில்லை. இடுப்பில் வைத்தால் அடிவயிறு இழுத்தது. ஏழாவது குடத்தோடு பின்வாசல் வழியாக நுழைந்தபோது காசிராஜன் பெண்சாதி பார்வதியம்மாள் புறக்கடையில் நின்றிருந்தாள். தங்கத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். பெண்ணாய்ப் பிறந்தவள், போதும் போ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்றிருந்தது.

பார்வதியம்மாள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா முடுக்குல கொட்டாத. தென்னை மூட்டுல ஊத்து. நல்ல உரம்னுல்லா சொல்லுதாக."

தங்கத்தாய் மரத்தடியில் குடத்தைச் சாய்த்தாள். பச்சைத் தண்ணீர் நுரைத்து மண்ணுக்குள் இறங்கியது. பார்வதியம்மாள் அடுத்த மரத்தைக் கைகாட்டினாள். வரிசையில் ஒன்பது தென்னை நின்றது.