டாப் அர்ஜென்ட்

2006ஆம் வருடம் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் சூப்பர்வைசராக இருந்தேன். வெட்டி வரும் துணிக் கட்டுகளில் எதை முதலில் தைக்க வேண்டும் என்று சீட்டெழுதிக் குத்துவது என் வேலை. முதலில் 'அர்ஜென்ட்' என்று எழுதினேன். எல்லாக் கட்டும் அர்ஜென்ட் ஆன பிறகு 'வெரி அர்ஜென்ட்' என்று எழுதினேன். அதையும் யாரும் சட்டை செய்யாமல் போகவே, சிவப்பு மையில் 'டாப் அர்ஜென்ட்' என்று ஆரம்பித்தேன்.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு வாட்ச்மேன் ஆத்தப்பன் வந்து, "கருத்தம்மாவோட புள்ளை கேட்டுல நிக்குதுங்க" என்றார்.

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. ஓவர்லாக் மிஷினில் இருந்தாள். புருஷன் இல்லை. மகளோடு பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். கேட்டுக்குப் போனவள் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துரவாண்ணே?"

"என்ன விசயம்?"

தரையைப் பார்த்தாள். "கொஞ்சம் முக்கியம்ணே."

அவள் மிஷின் மேலிருந்த கட்டைக் காட்டினேன். சிவப்புச் சீட்டு தெரிந்தது. "இதைவிட முக்கியமா?"

அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினாள்.

மூன்றரைக்கு டீ குடிக்க வெளியே போனேன். சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு கருத்தம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம். மடியில் பை. என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கவில்லை.

"அம்மா வருவாங்களா சார்?"

"வேலை முடிஞ்சு வருவாங்க கண்ணு. நீ ஊட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் கருத்தம்மா எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி மகளின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, அணைத்தபடி கூட்டிக்கொண்டு போனாள். நான் படியில் நின்று பார்த்தேன். செக்கிங் பிரிவு விஜயராணி பக்கத்தில் வந்தாள்.

"புள்ளை பள்ளிக்கூடத்துல வயசுக்கு வந்திருச்சு சார். பாவாடையெல்லாம் கறையாகிப்போச்சு. தெருவுல நடக்கப் பயந்துக்கிட்டு ரெண்டு மணியிலேருந்து இங்கயே இருந்திருக்கு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"ஆம்பளைக்கிட்ட எப்படி சார் சொல்லுவா?"

அதற்கு முந்தின தை மாதம்தான் என் மகள் தேஜஸ்ரீ பெரியவளானாள். போன் வந்த உடனே, சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து தைத்த பீஸைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையிலும், போட்டது போட்டபடி கிளம்பினேன். நாலு நாள் லீவு. திரும்பி வந்து மிஷின் மிஷினாக லட்டு கொடுத்தேன். கருத்தம்மா வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கட்டும்ணே" என்றாள். எது முக்கியம் என்று அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் தைத்து முடித்த அந்தக் கட்டு, லேபிள் வராததால், இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு, தட்டில் பாவாடை சட்டைத் துணியும் பழமும் வைத்து எடுத்துப் போனேன். கருத்தம்மா பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுனால என்னண்ணே. வேலைதான முக்கியம்" என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

மூலையில் தடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்து நஞ்சம்மாள் கையிலிருந்து தட்டை வாங்கினாள். என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

நடந்து வரும்போது நஞ்சம்மாள் சொன்னாள், "புள்ளைக்கு உங்களைப் பாக்க ரொம்ப வெக்கமாட்டம் இருக்குதுங்க."

"ஆமா" என்றேன்.