அடுத்த மூச்சிலிருந்து

"நீ கண்ணத் தொறந்து பாத்த."

"நீ தொறக்காம இருந்தா, அது உனக்கு எப்படித் தெரியும்?"

பதினைந்து வயதில், ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும்போது நானும் பக்கத்துப் பாய்ப் பையனும் பேசிக்கொண்டது. அன்றைக்கு அவனுக்குத் திருட்டுமுழி என்று பெயர் வைத்தேன். அடுத்த வருடம் அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று அவர்கள் வாசல்வரை போனேன். சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பௌத்தம் சொல்லித்தரும் செயலி ஒன்றுக்குத் திரைகள் வரைய ஒப்புக்கொண்டேன். நிரல் எழுத வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் அதே திருட்டுமுழி. முன்மண்டையில் பாதி முடி போயிருந்தது. முழி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் கேட்க, ஆளுக்கொரு காபிக் கோப்பையைத் தாண்டித் தைரியம் வரவில்லை.

ஏழு மாதம் ஓடியே போய்விட்டது. வெள்ளிக்கிழமை செயலி வெளியாகிறது. சனிக்கிழமை அவன் வேறு நாட்டில் வேலைக்குப் போகிறான். பற்றுதான் துன்பத்துக்கு வேர் என்று எட்டுத் திரை வரைந்தவள் நான். காலண்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

புதன்கிழமை அக்கா மகளைக் கூட்டிவந்து செயலியைக் கையில் கொடுத்தோம். தியானப் பகுதியில் அவன் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். போன் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் திறந்தால் ஐந்து நிமிடமும் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை மாட்டிக்கொண்டவள், போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"சித்தி, மனசு ஓடிப்போனா திட்டாம கூட்டிட்டு வான்னு முந்தின பாடத்துல நீங்கதான எழுதியிருக்கீங்க? இது எங்க கணக்கு மிஸ் மாதிரி இருக்கு."

அவள் கிளம்பிய பிறகு அவன் அந்த நிரல் வரிகளை நீக்க உட்கார்ந்தான். எதற்காக இப்படி வைத்தாய் என்று கேட்டேன். திரையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னான்.

"அன்னைக்கு நான் கண்ண மூடியே இருந்திருந்தா, இத்தன வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன். இந்தப் பசங்களாவது பொழைக்கட்டும்னு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது.

கண் திறந்தால், 'பரவாயில்லை, அடுத்த மூச்சிலிருந்து தொடரலாம்' என்று மட்டும் வரும்படி மாற்றினோம். சரிபார்க்க, போனைக் காபிக் கோப்பையில் சாய்த்து வைத்துவிட்டு அருகருகே உட்கார்ந்து கண்ணை மூடினோம். மூன்று மூச்சுகூட ஆகியிருக்காது, நான் திறந்துவிட்டேன். அவன் ஏற்கெனவே என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் அந்த வரி வந்து நின்றது.

லாரி நின்ற வாசலில் விழுங்கியது, அப்படியே மேலே வந்தது.

"இந்தத் தடவ போகாத," என்றேன். "என்கூடவே இருந்துடு."