சாமி இருக்கிற காணி

பிரதேச சபையில் எங்கள் வீட்டுப் பிளானை நிராகரித்துவிட்டார்கள். மண்சரிவு காரணம் இல்லை, பாதை அகலமும் காரணம் இல்லை. காணியில் சாமி இருக்கிறதாம். வழிபாட்டு இடத்தில் குடியிருக்க வீடு கட்ட அனுமதி கிடையாதாம்.

அந்தச் சாமியை ஓயாவிலிருந்து ஒரு ஆற்றுக் கல்லாகத் தோளில் தூக்கி வந்தவனே நான்தான். வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் பிரித்துக் கொடுத்த ஏழு பேர்ச் காணி அது. உறுதிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தமும் அங்கேதான் குப்பை கொட்டியது. கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில் என் மனைவி நாகலெட்சுமிதான் வழி சொன்னாள்.

"ஒரு கல்ல நட்டு மஞ்ச குங்குமம் வச்சு விடுங்க. முனி இருக்குற எடத்துல எவன் குப்ப போடுவான்?"

நட்டோம். மறுநாளே குப்பை நின்றது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்த பெருமழையில் எதிர்ப்பக்க மேடு சரிந்து ரோட்டை மூடியது. எங்கள் காணியில் ஒரு பிடி மண் அசையவில்லை. முனிதான் காப்பாற்றினார் என்று சனம் சூடம் கொளுத்த ஆரம்பித்தது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறினார்கள். நாகலெட்சுமியும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தாள்.

"நாமதானடி நட்டோம்" என்றால், "நட்டது நாம. வந்தது அவரு" என்பாள்.

காணி பார்க்க வந்த சபை உத்தியோகத்தர் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பிளானை நிராகரித்த காரணத்தை எழுதியவரும் அவர்தான்.

எனக்கு வீடு வேண்டாம். லயத்தில் பிறந்தவன், லயத்திலேயே போய்ச் சேருவேன். ஆனால் ஒரே அறைக் காம்பிராவில் நாங்கள் இரண்டு பேர், மகன் கிஷாந்த், மருமகள் சர்மிளா. நடுவில் ஒரு பழைய சேலைதான் திரை. பிள்ளை உண்டானதும் சர்மிளா டிக்கோயாவில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "வீடு கட்டுங்க மாமா, வந்துர்றேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிஷாந்த் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

அதனால் மேன்முறையீடு போட்டேன். சபைக்குப் போனால் ஐயா இருக்க மாட்டார். ஐயா இருந்தால் கூட்டம். கூட்டம் இல்லாத நாள் பார்த்துப் போனால் பௌர்ணமி போயா லீவு. எனக்கு அலுத்துப்போயிற்று.

ஒருவழியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என் சிங்களம் கடைத்தெருவோடு சரி. ஹார்ட்வெயார் கடை ராசிக் நானா எனக்காகப் பேச வந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். ராசிக் நானா தாடியைத் தடவினார்.

"அண்ணே, அங்க சாமி இருக்கா இல்லையான்னு கேக்குறாங்க. நான் என்னத்த செல்ற? பதில நீங்களே செல்லுங்க."

பக்கத்தில் நாகலெட்சுமி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெவியோ நே, மாத்தையா. சாமி இல்ல, வெறும் கல்லுதான்" என்றேன்.

அப்படியானால் கல்லை எடுத்துவிட்டு, இடம் வெறுமையாக இருப்பதைப் படம் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பார்ப்பார்களாம்.

அன்று மாலை கல்லைத் தோண்டி எடுக்க அலவாங்கோடு போனேன். அதற்குள் சேதி பரவி, மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுத் தோண்டியிருப்பேன். அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றேன். வெறும் கல் என்று சபையில் வாய் சொல்லிவிட்டது, கைதான் வரவில்லை.

நாகலெட்சுமி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். கையாலேயே மண்ணைக் கிளறினாள்.

"சாமி, கோவிச்சுக்காத. எங்களுக்கும் வேற வழி இல்ல. வீடு எழும்புற வரைக்கும் லயத்துல வந்து எங்களோட இரு. எடம் பத்தாதுதான். என்ன செய்ய?"

கல்லைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். எங்கள் காம்பிராவில் காலியாகக் கிடந்தது ஒரே இடம்தான். சேலைத் திரைக்கு அந்தப் பக்கம், சர்மிளா படுத்த மூலை. அங்கே உட்கார வைத்து விளக்கேற்றினாள். கிஷாந்த் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிட்டான்.

காலையில் படம் பிடிக்கப் போனோம். முனி இருந்த குழியில் அதற்குள் குப்பைப் பை கிடந்தது. கிஷாந்த் போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"அப்படியே எடுடா" என்றேன். "இதப் பாத்தா சாமி இருக்குன்னு எவனும் சொல்ல மாட்டான்."

படத்தைச் சபையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சர்மிளா போன் பண்ணினாள்.

"மாமா, பிளான் பாஸ் ஆயிருச்சா?"

"சபை கூடணும்மா. எப்பன்னு சொல்லல."

"சரி மாமா, பரவால்ல. நான் வந்துர்றேன். எவ்வளவு நாளைக்கு இங்கேயே கெடக்குறது? அந்த மூலையே போதும்."

திரை அசைந்தது. பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கேட்கத் தவித்த வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"இப்ப வராதம்மா" என்றேன். "அந்த மூலையில முனி இருக்காரு."