லேபிலுக்கு ஊட்டிய நாய்க்குட்டி

“உனக்கு வாயே கிடையாதா?” என்று சுகிர்தா அக்கா என்னைப் பார்த்த முதல் நாளில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “நல்லதாப் போச்சு. நாயப் பாத்துக்கிட வாய் எதுக்கு?” என்று பதிலையும் அவரே சொல்லி, வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் குரல் வராமல்போய், ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே நின்றுவிட்டவள் நான். நாய் என்னை வாசிக்கச் சொல்லாது என்பது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் பெரியது. வாசலுக்குப் பெயர் போர்டிகோ. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்துக்குப் பெயர் பேமிலி லவுஞ்ச். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பொமரேனியன் குட்டிக்கு டைமண்ட். வீட்டுக்காரர் சீனிவாசகம் முதலாளிக்கு நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி. பெங்களூரிலிருந்து ஏசி காரில் குட்டியைக் கொண்டுவந்ததை, வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார். வந்த வழியெல்லாம் அது கழிந்துகொண்டே வந்ததை மட்டும் சொல்ல மாட்டார்.

கால்நடை டாக்டர் ஹாதியா பார்த்த உடனே சொல்லிவிட்டார். “இதுக்கு வயிறு ரொம்ப லேசு. குழைய வடிச்ச சோறு, உப்பு போடாம வேகவச்ச கோழி, தோலு எலும்பு எதுவும் கூடாது. கொஞ்சம் பூசணிக்காய். ஒரு நேரத்துக்கு ரெண்டு கரண்டி, ஒரு நாளைக்கு நாலு வேளை. பால் வேண்டாம். புதுசா எது குடுத்தாலும் பழைய சாப்பாட்டோட கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து, ஒரு வாரம் ஆகணும்.”

“அம்புட்டுத்தானா? மருந்து மாத்திரை ஒண்ணும் இல்லையா?” என்று சுகிர்தா அக்கா ஏமாற்றத்தோடு கேட்டார். எளிய வைத்தியம் சொல்கிற டாக்டரை அந்த வீட்டில் யாரும் டாக்டராக மதிப்பதில்லை.

நான் அப்படியே செய்தேன். கோழியை நார் நாராகப் பிய்த்து, சோற்றோடு விரலால் மசித்து, ஆறவைத்துக் கொடுப்பேன். குட்டி சாப்பிட்டு முடித்து என் விரலையும் நக்கும். பத்து நாளில் வயிறு கட்டியது. நான் துணி விரித்த மூலையில் படுத்துக்கொள்ளும்; நான் நகர்ந்தால் அதுவும் நகரும். என்னோடு பேசாமலே என்னைப் புரிந்துகொண்ட முதல் ஜீவன் அது.

அப்போதுதான் முதலாளிக்கு யோசனை வந்தது. அந்த சீசனுக்கு ஒரு புதுப் புஸ்வாணம் போடுகிறார்கள். அதன் லேபிலில் டைமண்டின் படத்தைப் போடலாம் என்றார். சுகிர்தா அக்காவின் தம்பி செந்தூர்பாண்டி, அந்த வீட்டில் எல்லா யோசனைக்கும் கை தட்டுகிறவர், தட்டினார். தட்டிவிட்டு, “ஆனா அத்தான், ஒல்லியா இருக்கே?” என்றார்.

முதலாளி குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, எடை பார்க்கிறவர் போல ஆட்டினார்.

“ஆமால்ல. லேபில்ல நாய் ஒல்லியா இருந்தா, வாங்குறவன் உள்ள மருந்து கம்மின்னு நினைப்பான்லே. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு நல்ல நேரம். அன்னைக்கு போட்டோ. அதுக்குள்ள உருண்டு திரண்டு இருக்கணும்.”

அது சனிக்கிழமை. வெள்ளிக்கு ஆறு நாள் இருந்தது.

இதே முதலாளி கம்பெனியில் எப்படி என்று எனக்குத் தெரியும். என் அம்மா பேச்சியம்மாள் அங்கே எட்டு வருடம் திரி வெட்டியவள். வெடிமருந்து அறையில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை இருக்கக் கூடாது, சொன்ன ஆளுக்கு மேல் ஒருவர் நிற்கக் கூடாது என்று வாசலில் நின்று கத்துவாராம். கொள்ளளவு என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர். ஒரு நாய்க்குட்டியின் வயிற்றுக்கும் கொள்ளளவு உண்டு என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

வீடே ஊட்டத் தொடங்கியது. காலையில் முதலாளி கையால் நெய் ஊற்றிய பால். மத்தியானம் அக்கா கையால் முந்திரிப்பருப்பு. சாயங்காலம் செந்தூர்பாண்டி விருதுநகரிலிருந்து எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவந்து, சால்னாவில் ஊறவைத்து, குட்டியின் வாயைத் திறந்து திணித்தார். “எங்க ஊர் பரோட்டா திங்காத நாய் என்ன நாய்?” என்று சிரித்தார். அதை எல்லாரும் போனில் படம் எடுத்தார்கள். நான் மசித்த சோற்றைப் பார்த்து, “இது என்ன, ஆஸ்பத்திரிச் சோறு?” என்று அக்கா எடுத்துக் கொட்டினார்.

செவ்வாய்க்கிழமை கழிச்சல். புதன்கிழமை வாந்தி. அந்தப் புத்திசாலிகள் கூடிப் பேசி இரண்டு முடிவுகளுக்கு வந்தார்கள். ஒன்று, கண்ணேறு. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். அந்த நெடியில் குட்டி தும்மித் தும்மி இன்னும் சுருண்டது. இன்னொன்று, தண்ணீரை நிறுத்துவது. “தண்ணி குடிக்கக் கொண்டுதானே தண்ணியாப் போகுது?” என்றார் அக்கா. இதைக் கேட்டு முதலாளி தன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

நான் என்ன செய்தேன்? குளியலறைக்குத் தூக்கிப்போய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை விரலில் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தேன். டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல ஐந்து முறை கூடத்துக்குப் போய், ஐந்து முறையும் வாய் திறக்காமல் திரும்பிவந்தேன். அவர்களைக் கேவலமாக எழுதும்போது என் பெயரையும் அந்த வரிசையில்தான் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை போட்டோகிராபர் சரவணக்குமார் சிவப்புப் பட்டு விரித்து, விளக்குகளை வைத்தார். குட்டியால் நிற்க முடியவில்லை. முன்கால் மடங்கி மடங்கி விழுந்தது. வாலுக்குக் கீழே முடியெல்லாம் கழிச்சல் காய்ந்து சடையாக ஒட்டியிருந்தது.

“அண்ணாச்சி, இதுக்கு ஒடம்பு சரியில்ல போலயே?” என்றார் சரவணக்குமார்.

“அது கூச்சம். முன்னாடி மட்டும் எடு. ஏ பிள்ள, வயித்துக்கு அடியில துண்டச் சுருட்டி முட்டுக் குடு.”

நான் முட்டுக் கொடுத்தேன். துண்டுக்கு மேலே அதன் நெஞ்சு சூடாக அடித்துக்கொண்டது. நல்ல நேரம் முடிவதற்குள் படம் எடுத்துவிட்டார்கள். எல்லாரும் போட்டோவைச் சுற்றி நின்றபோது, குட்டி பட்டின் மேல் சரிந்து கண்ணை மூடியது.

“டாக்டர்ட்ட கொண்டுபோகணும்” என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது. “ஏ, இது பேசுது!” என்றார் செந்தூர்பாண்டி.

“காரு பிரஸ்ஸுக்குப் போகணும். லேபில் இன்னைக்கே குடுக்கணும். சாயங்காலம் பாப்போம்” என்றார் முதலாளி.

சாயங்காலம் பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. குட்டியைத் துண்டோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறினேன். “எங்க போற? ஏட்டி! நாளைக்கு வேலைக்கு வராத!” என்று பின்னால் அக்கா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

டாக்டர் ஹாதியா குட்டியின் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே மடிந்து நின்றது. “என்ன குடுத்தாங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். நெய், பால், முந்திரி, பரோட்டா, எந்த நாள், எந்த நேரம், யார் கை, எல்லாவற்றையும். ஒன்பதாம் வகுப்பில் வராத குரல் அங்கே வந்தது. குட்டியின் காலில் ஊசி ஏற்றிக்கொண்டே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பரோட்டா வந்தபோது மட்டும் “யா அல்லா” என்றார்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் குட்டி தலையைத் தூக்கியதும் டாக்டர் முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. “போட்டோ எடுத்தாச்சே டாக்டரம்மா. பிழைச்சா யாருக்காவது குடுத்துருங்க.”

“நீ வச்சுக்கிறியா?” என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

“சடையா ஒட்டுன இடத்துல மட்டும் முடிய வெட்டி விடுறேன்.”

“முழுசா எடுத்துருங்க டாக்டர்.”

“இந்த ஜாதிக்கு முழுசா எடுத்தா திரும்ப வர ரொம்ப நாளாகும். வந்தாலும் பழைய மாதிரி வருமோ என்னமோ.”

“எடுத்துருங்க” என்றேன். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா இப்போது புஸ்வாணத்துக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். நானும் கூட உருட்டுகிறேன். “நம்ம திங்காத கோழிய இந்த எலிக்குட்டி திங்குது” என்று அவள் முனகுவாள். முனகிக்கொண்டே, நான் மறந்தாலும் அவள்தான் சோற்றைக் குழைப்பாள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் முடுக்குச் சந்தின் முனையில் அந்தக் கார் நின்றது. சுகிர்தா அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பால்கோவா டப்பாவோடு வந்தார். குட்டி தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது அவர்கள் நாய். தூக்கிக்கொண்டு போனால் யாரும் கேட்க முடியாது.

“வாங்கக்கா, உக்காருங்க” என்றாள் அம்மா.

“உக்கார நேரமில்ல பேச்சி. வடக்கேயிருந்து டீலர்க வந்திருக்காக. லேபில் நாய நேர்ல பாக்கணுமாம். எங்க டைமண்டு? பாலுக்கு ஏங்கிப் போயிருக்கும் பாவம், பால்கோவா கொண்டாந்திருக்கேன்.”

“இதுதான்க்கா” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். தெருநாய் ஏதோ நுழைந்துவிட்டது என்று நினைத்து, “சூ” என்று விரட்டவும் செய்தார். “விளையாடாத பிள்ள. டைமண்டு எங்க?”

“இதுதான்.”

“டைமண்ட்! டைமண்ட்!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இளஞ்சிவப்புத் தோலும், அரும்பிய பூனை மயிரும், எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்புமாக, பெருச்சாளிக்குப் பிறந்தது போல நின்று பூசணிக்காயை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா போனை எடுத்து லேபிலைப் பார்த்தார். பட்டு விரிப்பின் மேல், பஞ்சுப் பொதி போல ஒரு முகம். மறுபடி தட்டைப் பார்த்தார்.

“முடி எப்ப வரும்?”

“ஒரு வருசம் ஆகும். வராமலும் போகலாமாம்” என்றேன். அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். “இனி குண்டாகவும் ஆகாதுக்கா. ரெண்டு கரண்டிக்கு மேல குடுத்தா செத்துப்போகும்.”

கடைசி வார்த்தையை நான் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன், காதில் நன்றாக விழட்டும் என்று.

அவர் முகத்தில் வருத்தம் ஏதாவது வருமா என்று பார்த்தேன். வந்தது, கடையில் கிழிந்த சேலையைக் காட்டினால் வருகிற முகச்சுளிப்பு. பால்கோவா டப்பாவைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய வைத்திருந்த குழாய்களைத் தாண்டிக் காருக்குப் போனார்.