செபத்துக்கு எத்தனை புள்ளி

"மந்திரவாதி கையை நீட்டினா நெருப்பு வருது. உங்க சாமியார் கையை நீட்டினா என்ன வரும்?" என்று குழுத் தலைவி கேட்டாள்.

"ஒண்ணும் வராதுங்க மேடம்," என்றார் பிரதர்.

"அப்ப அவரை எடுத்து யார் விளையாடுவாங்க?"

நியாயமான கேள்விதான். சாமியாராவதற்குக் குருமடத்தில் நான்கு வருஷம் படித்துவிட்டுப் பாதியில் வந்தவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பிரதர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் போகவில்லை. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் ஏற்று விளையாடும் மேசை விளையாட்டுகளைத் தயாரிக்கிற சின்ன நிறுவனம் அது. புது விளையாட்டு இருநூறு வருஷத்துக்கு அப்பால், வானத்தில் மிதக்கும் ஒரு நகரத்தில் நடக்கிறது. அங்கே மந்திரம் பலிக்கும். கத்தோலிக்கக் கோயிலும் இருக்கும். சாமியார் வேஷத்துக்கு விதி எழுதும் வேலை பிரதர் தலையில் விழுந்தது. பூசை, பாவசங்கீர்த்தனம் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டார். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலில்தான் வண்டி நின்றது. பகடையில் பதினைந்துக்கு மேல் விழுந்தால் சாகக் கிடப்பவர் பிழைக்க வேண்டும் என்றாள் தலைவி. அவர் எழுதியது வேறு: 'எந்த எண் விழுந்தாலும் உயிர்ப்புள்ளி ஏறாது. சாமியார் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். சாகிறவர் தனியாகச் சாகமாட்டார்.'

"கேட்டதும் கிடைச்சா அது மந்திரம் மேடம். செபம் இல்ல."

தலைவி வாதாடவில்லை. பதினோரு மாதத்துக்கு முன் அவருடைய ஏழு வயது மகள் இறந்தது அவளுக்கும் தெரியும். "சனிக்கிழமை மத்தியானம் விளையாடிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஒரு ஆள் குறையுது, வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

மனைவி வருவாள் என்று அவர் நினைக்கவே இல்லை. மகள் போனதிலிருந்து அவள் கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அவர் ஞாயிறு தவறாமல் தனியாகப் போய்வந்தார். ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை, ஏன் போகிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. சோப்பு தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, இந்த அளவில் குடும்பம் நடந்தது. ஆனாலும் வந்தாள். மந்திரவாதி, சிப்பாய், மெக்கானிக் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சியது சாமியார்.

"இருநூறு வருஷம் கழிச்சாவது பொம்பளைய சாமியாராக்க ஒத்துக்குவாங்களா?" என்றான் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பிரதர் நினைத்தார்.

விளையாட்டை நடத்தியவர் அவர்தான். என்ன நடந்தது என்று அவர் சொல்வதே தீர்ப்பு. ஒன்பதாம் அறைக்குள் நச்சுக்காற்று புகுந்திருக்கிறது. தலைவி எழுதித் தந்த கதையில் அங்கே கிடப்பவன் ஒரு கிழட்டு மாலுமி. பிரதரின் வாயில் என்ன வந்ததோ, "உள்ள ஒரு சின்னப் பொண்ணு கிடக்குறா," என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"எனக்குச் சக்தி தீந்துபோச்சே," என்றாள் மந்திரவாதி வேஷக்காரி.

"நான் செபம் பண்றேன்," என்று மனைவி பகடையை உருட்டினாள். இருபது. அந்த இருபது முகப் பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. மேசையே கைதட்டியது. தட்டிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பொழைக்க வச்சிடுங்க பிரதர். ஒண்ணும் குறைஞ்சிடாது," என்றாள் தலைவி மெதுவாக.

நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதும் 'பொழைச்சிட்டா' என்ற இந்த ஒரு வார்த்தையைத்தான். இப்போது அது அவர் நாக்கில் இருந்தது.

"பொழைக்கல," என்றார்.

"அப்ப சாமியார் என்ன பண்ணுவாரு?" என்று மனைவி கேட்டாள்.

"கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல இருப்பாரு."

அவள் தன் கையிலிருந்த விதித்தாளை இன்னொரு முறை படித்தாள். "இதை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு மூணு தடவ நர்ஸை அனுப்பினேன்." குரலில் கோபமே இல்லை. "கீழ ஆஸ்பத்திரிக் கோயில்ல முட்டி போட்டிருந்தீங்க. இந்தா முடிச்சுட்டு வரேன்னு சொல்லி அனுப்பினீங்க."

செபமாலையில் கடைசிப் பத்து மணிகள்தான் பாக்கி இருந்தன. பாதியில் விட்டால் பலிக்காதோ என்று பயந்தார். முடித்துவிட்டு மாடியேறி வந்தபோது நர்ஸ் போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தாள். மகளின் கை மனைவியின் கைக்குள் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப நான் அடுத்த கதவைத் திறக்கட்டுமா?" என்றான். மற்றவர்களின் காய்கள் அடுத்த அறைக்கு நகர்ந்தன.

"நான் இங்கயே இருக்கேன்," என்றாள் அவள்.

அதன்பின் ஒன்றரை மணி நேரம், முறை வந்தபோதெல்லாம் அவள் சொன்னது ஒரே சொல்தான்: "இருக்கேன்." யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஐந்து மணிக்கு ஆட்கள் கலைந்தார்கள். தலைவி தன் குறிப்பேட்டைத் திறந்தாள். எதுவும் எழுதாமல் மூடி, பலகையை அப்படியே விட்டுப் போனாள். துப்புரவுக்காரம்மா வந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். பிரதர் எழுந்து, சுற்றிவந்து, மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நிமிரவில்லை, நகர்ந்து உட்காரவும் இல்லை. துப்புரவுக்காரம்மா ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு அந்த இரண்டு நாற்காலிகளையும் விட்டுவிட்டு, சுற்றியிருந்த தரையைச் சத்தமில்லாமல் பெருக்கத் தொடங்கினாள்.