புள்ளி அட்டை

வேலை பார்த்த பேப்பர் மில்லை முதலாளி இழுத்து மூடிய பிறகு, முப்பத்தாறு வயதில் அவர் எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு மனுப் போட்டார். முதல் வருடச் சம்பளம் வீட்டு வாடகைக்கே பத்தாது. சேர்வதற்குக் கட்டணம் வேறு. மனைவி தன் தையல் மெஷினை விற்றுக் கட்டினாள்.

எழுத்துத் தேர்வில் அவர்தான் முதல். கடைசியாகக் கண் பரிசோதனை. டாக்டர் கலர் கலராகப் புள்ளி வைத்த ஓர் அட்டையை நீட்டினார்.

"இதுல என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? வெறும் புள்ளிதானே சார் இருக்கு."

ஆறு அட்டைக்கும் அதே பதில்தான்.

"உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது. வயர் வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எப்பப் பாரு காய்த் தக்காளியா வாங்கிட்டு வருவீங்க. வேணும்னே பண்றீங்கன்னு எவ்வளவு திட்டியிருக்கேன்!"

"திட்டுனா என்ன? அவங்க முதல்லயே கண்ணைப் பார்த்திருக்கலாம். காசை வாங்கிட்டுத்தான் பார்க்கிறாங்க."

மறுநாள் மூட்டை தூக்க ஆள் எடுக்கும் கிடங்கில் போய் நின்றார். அங்கே படிப்பையோ பார்வையையோ யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி அவர் தோளை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே போகச் சொன்னார்.